துருத்தடுப்பு பெயிண்டின் மேல் அடித்த கோட்டு நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

சென்னையில் சில வருடம் ஓடிய காரை ராம்ப்பில் ஏற்றி அடியில் பார்த்தால் எங்கேயாவது துரு கண்ணில் படும். திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் பக்கம் வெளியிலேயே நிற்கும் வண்டி என்றால் சீக்கிரமே படும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பெயிண்ட் அடித்து, அதன் மேல் வண்டியின் நிறத்தில் ஒரு கோட்டு கொடுத்து முடிப்பது வழக்கம். அந்த மேல் கோட்டு அடித்த அன்றே சுருங்கினாலோ, முதல் மழைக்கே உரிந்தாலோ, எல்லோரும் மேல் பெயிண்டைத்தான் குறை சொல்கிறார்கள். இன்னும் விலை கூடிய டப்பா வாங்கி மறுபடி அடிக்கிறார்கள். அதுவும் அதே இடத்தில் உரிகிறது.

கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கிறது. கீழே இருப்பது என்ன பெயிண்ட், மேல் கோட்டு விழுந்த நேரத்தில் அது எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் மருந்து தானாகத் தெரிந்துவிடும். அது தெரியாமல் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்காதீர்கள்.

முதல் வேலை: கீழே இருப்பது எது?

கடையில் "துருவுக்கு அடிக்கிற பெயிண்ட்" என்று கேட்டால் கிடைப்பது ஒரே பொருள் அல்ல. எண்ணெய் வகையைச் சேர்ந்த ரெட் ஆக்ஸைடு உண்டு. மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் உண்டு. ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர், காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு தானே இறுகும் யூரத்தேன், துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம், துத்தநாகத் தூள் நிறைந்த கோட்டு, அடித்தட்டுக்குப் பூசும் தார் வகை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் மேலே வரும் பெயிண்டிடம் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

வண்டியை வேறு யாரோ அடித்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வெள்ளை பனியன் துணியை என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னரில் நனைத்து, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் தேய்க்க வேண்டும். நிறம் முழுதாகக் கரைந்து துணிக்கு வந்தால் அது என்சி பெயிண்ட். மேல்பரப்பு மெதுவாகிச் சுருங்கினால் ரெட் ஆக்ஸைடு அல்லது சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் நன்றாக இறுகிய எபாக்ஸி, பி.யு. (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரத்தேன்) அல்லது ஈரத்தில் இறுகும் யூரத்தேன். துணியில் பழுப்பும் கறுப்புமாக எண்ணெய்க் கறை பிடித்தால் தார்.

தின்னரைத் தொடும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் ஜிங்க் குரோமேட் என்று சந்தேகம் வந்தால் உலர்ந்த எமரி ஷீட் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் தூசியில் இருக்கும் குரோமியம் நுரையீரலுக்குக் கேடு. வாட்டர் பேப்பரில், தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

மேல் கோட்டு தோலாக உரிகிறது

அதிகம் வருவது இந்தப் புகார்தான். உரிந்த தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பதில் அங்கேதான் எழுதியிருக்கும்.

முதுகு வழவழப்பாக, மேல் கோட்டின் நிறத்திலேயே இருந்து, வண்டியில் துருத்தடுப்பு பெயிண்ட் பளபளவென்று அப்படியே நின்றால், இரண்டு கோட்டுகளும் ஒன்றையொன்று பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். ஈரத்தில் இறுகும் யூரத்தேன் அடித்த இடங்களில் இது சர்வசாதாரணம். அந்தப் பெயிண்ட் முழுதாக இறுகிவிட்டால் கண்ணாடிப் பரப்பு மாதிரி ஆகிவிடும், எதுவும் ஒட்டாது. மேல் கோட்டு கொடுக்க அதற்கு ஒரு நேரம் உண்டு. கையுறை போட்ட விரலால் தொட்டால் லேசாக இழுக்க வேண்டும், ஆனால் விரலில் பெயிண்ட் வரக் கூடாது. அந்த நிலையில் அடுத்த கோட்டு விழுந்தால் இரண்டும் சேர்ந்து இறுகும்.

டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பி இங்கே வேலை செய்ய முடியாது. ஈரம்தான் அந்தப் பெயிண்டை இறுக வைக்கிறது, சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குளிர்ந்த, உலர்ந்த ஊரில் பல மணி நேரம் திறந்திருக்கும் அந்த வாய்ப்பு இங்கே சீக்கிரம் மூடிவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. "சார், நல்லா காயட்டும், நாளைக்குக் காலையில அடிச்சுக்கலாம்" என்று பெயிண்டர் சொல்வது மற்ற பெயிண்டுகளுக்குச் சரி. இதற்குச் சரிவராது.

நேரம் தப்பிவிட்டதா? பரவாயில்லை, உழைப்பு கூடும், அவ்வளவுதான். 320 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு, பளபளப்பு ஒரு புள்ளி கூட மிச்சமில்லாமல் தேய்க்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எங்கே மின்னுகிறதோ அங்கே மறுபடி உரியும். வளைவுகள், போல்ட் ஓரங்கள், வெல்டிங் கோடுகள் ஆகிய இடங்களில் பேப்பர் சரியாகப் படாது. அங்கெல்லாம் தேய்க்கும் நார் போட்டுத் தேயுங்கள். அப்புறம் எபாக்ஸி பிரைமர் ஒரு கோட்டு, அதன் மேல் நிறம்.

தோலின் முதுகில் துருத்தடுப்பு பெயிண்டும் சேர்ந்து வந்து, வண்டியில் வெறும் தகடு தெரிந்தால் கதை வேறு. தகடு பளபளப்பாக இருக்கிறதா? யூரத்தேன் வகை துருப்பிடித்துச் சொரசொரப்பான பரப்பை நன்றாகப் பிடிக்கும், வழுவழுப்பான புதுத் தகட்டை அப்படிப் பிடிக்காது. துருவைச் சுற்றி இருந்த நல்ல தகட்டின் மேலும் அப்படியே அடித்திருப்பார்கள், அங்கிருந்து உரிய ஆரம்பித்திருக்கும். 80 நம்பர் எமரி ஷீட் போட்டுத் தகட்டைச் சொரசொரப்பாக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டின் மேலோ, துத்தநாகத் தூள் கோட்டின் மேலோ நேரடியாகச் சிந்தெடிக் எனாமல் அல்லது ரெட் ஆக்ஸைடு அடித்தால், கொஞ்ச நாள் நன்றாகவே நிற்கும். ஈரம் படப்பட, அந்தப் பெயிண்டிலுள்ள எண்ணெயும் துத்தநாகமும் வினை புரிந்து நடுவில் மெல்லிய சோப்புப் படலம் உண்டாகும். பிறகு நகத்தால் கீறினாலே பட்டையாக வரும். இன்றைய கார்களில் பல பாகங்கள் துத்தநாகம் பூசிய தகடுதான். அவற்றில் எண்ணெய் வகைப் பெயிண்ட் நேரடியாகப் படவே கூடாது. நடுவில் எபாக்ஸி பிரைமர் இருந்தே ஆக வேண்டும்.

அடித்த சில நிமிடத்தில் சுருங்குகிறது

ஆறிய பாலின் ஆடை மாதிரி மேல்பரப்பு மடிந்து மடிந்து எழும்பினால், மேல் கோட்டிலுள்ள தின்னர் கீழ்க் கோட்டை ஊற வைத்துத் தூக்கிவிட்டது என்று பொருள். கீழே ரெட் ஆக்ஸைடு, மேலே என்சி அல்லது பி.யு. இருக்கும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். ரெட் ஆக்ஸைடு தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்து உள்ளே இறுக நாள் கணக்கில் ஆகும். தடிமனாக அடித்திருந்தால் இன்னும் அதிகம்.

சுருங்கியதைப் பார்த்தவுடன் துடைக்காதீர்கள், அதன் மேல் இன்னொரு கோட்டும் அடிக்காதீர்கள். அப்படியே விட்டு, நன்றாக இறுகிய பிறகு தேய்த்து எடுங்கள். இதற்குப் பிறகு இரண்டு வழிகள். ரெட் ஆக்ஸைடை வைத்துக்கொண்டு மேலே சிந்தெடிக் எனாமலோடு நிறுத்திக்கொள்ளலாம். சேஸிஸ், அடிப்பாகம், பிராக்கெட் போன்றவற்றுக்கு அது போதும். வெளியில் தெரியும் பேனலுக்குப் பி.யு. ஃபினிஷ்தான் வேண்டும் என்றால், ரெட் ஆக்ஸைடை முழுதாக எடுத்துவிட்டு எபாக்ஸியில் ஆரம்பியுங்கள். நடுவில் ஒரு பிரைமர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சில நேரம் நிற்கும், சில நேரம் அந்தப் பிரைமரே சுருங்கும். ஜன்னல் கிரில்லுக்கும் கேட்டுக்கும் ரெட் ஆக்ஸைடு பொருந்தும். கார் பேனலுக்கு அது வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் எனாமல் தன் மேலேயே இரண்டாம் கோட்டு விழும்போதும் சுருங்கும். பல டப்பாக்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டு, இல்லையென்றால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து என்று போட்டிருப்பது இதற்காகத்தான். நடுவில் அடிக்கக் கூடாது.

கொப்புளமும் ஊசித்துளையும்

கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால், பெயிண்டுக்குக் கீழே உப்பு மாட்டியிருக்கிறது. அந்த உப்பு, படலத்தின் வழியாக ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்கான மருந்தைத் துரு பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

உள்ளே ஒன்றுமில்லாமல் காய்ந்து இருந்தால், அடைபட்ட தின்னர் ஆவி அல்லது வாயு. ஈரத்தில் இறுகும் யூரத்தேன், தண்ணீரோடு வினை புரியும்போது கார்பன் டை ஆக்ஸைடை வெளியிடும். மெல்லிய கோட்டில் அது சத்தமில்லாமல் போய்விடும். தடிமனாகப் பூசினால் மேல் தோல் முதலில் இறுகி, வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈரம் அதிகமான நாளில் தோல் இன்னும் வேகமாக இறுகும். ஆகவே இந்த ஊரில் மூன்று மெல்லிய கோட்டு அடிக்கலாமே தவிர, ஒரே தடித்த கோட்டு கூடாது.

கத்திரி வெயிலில் திறந்த இடத்தில் நின்ற பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அடித்தால் மேல்பரப்பு உடனே இறுகி, அடியில் மாட்டிய தின்னர் ஊசித்துளையாக வெடித்து வெளியே வரும். பேனலை நிழலுக்கு நகர்த்தி, உள்ளங்கை சாதாரணமாகத் தாங்கும் வரை ஆற விடுங்கள்.

வெண்மை படர்கிறது, பளபளப்பு போகிறது

என்சி லாக்கர் அடித்தபின் பால் நிறம் படர்ந்தால் அது காற்றின் ஈரம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சியில் பனித்துளி இறங்கிப் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் திறந்த ஷெட்டில் என்சி அடித்தால் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கலந்து, வெண்மை படர்ந்த இடத்தில் மிக மெல்லிசாக ஒரு தூவல் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எபாக்ஸி பிரைமரில் வருவது வேறு. ஈரக் காற்றில் இறுகும்போது அதன் ஹார்டனர் மேலே எழும்பி, மெழுகு மாதிரிப் பிசுபிசுப்பான படலமாக நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலை ஓட்டினால் வழுக்கும். அதன் மேல் அடித்த நிறம் மங்கும் அல்லது உரியும். இதை நேரடியாகப் பேப்பர் போட்டுத் தேய்த்தால் படலம் பரவத்தான் செய்யும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள், காய்ந்த பிறகு தேய்க்கலாம். கழுவினாலே போய்விடும் என்பதுதான் இதிலுள்ள நல்ல விஷயம்.

இதைத் தவிர்க்க ஒரு கணக்கு உண்டு. 100-இலிருந்து காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வரும் எண்ணை வெப்பநிலையிலிருந்து கழித்தால், ஏறக்குறைய எந்தச் சூட்டில் பனி இறங்கும் என்று தெரியும். 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் 26 டிகிரி. பெயிண்ட் அடிக்கும் தகடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக, அதாவது 29-இலாவது இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஷெட்டில் குளிர்ந்த தகடு காலை ஆறு மணிக்கு அந்தச் சூட்டில் இருக்காது. வெயில் ஏறித் தகடு சூடாகும் ஒன்பது மணிக்கு மேல், மதியம் கடல் காற்று உள்ளே வருவதற்குள் அடித்து முடிப்பது நல்லது. பெரிய வேலை என்றால் தை, மாசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

சிறு சிறு வட்டக் குழிகள்

பெயிண்ட் விழுந்தவுடன் அங்கங்கே வட்டமாக விலகிக் கீழ்க் கோட்டு தெரிந்தால், காரணம் சிலிக்கோன் அல்லது எண்ணெய்ப் பசை. டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ், பக்கத்து வண்டிக்கு அடித்த துரு இளக்கும் ஸ்ப்ரே என எதிலிருந்தும் வரலாம். தேய்ப்பதற்கு முன்னால் மெழுகு எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் எண்ணெய் ஏற்கெனவே கீறல்களுக்குள் போயிருக்கும். ஒரு துணியால் நனைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். கம்ப்ரசர் டேங்கின் அடிக்குழாயையும் திறந்து விடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பழுப்புக் கறை மேலே வருகிறது

கீழே தார் வகை இருக்கிறது. அதன் மேல் எந்த நிறமும் சுத்தமாக நிற்காது. தெரியும் இடம் என்றால் தாரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். தெரியாத இடம் என்றால் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். மெழுகு வகை அடித்தட்டுப் பூச்சுக்கும் இதேதான்.

உரியவில்லை, ஆனால் துரு திரும்பி வந்துவிட்டது

எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். தகட்டின் விளிம்பில் மட்டும் கோடாக வந்திருந்தால், அங்கே பெயிண்ட் மெலிந்துவிட்டது. ஈரமான பெயிண்ட் கூரான விளிம்பிலிருந்து தானே விலகி இறங்கும். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் விளிம்புகள், போல்ட் துளைகள், வெல்டிங் கோடுகள் மீது சின்ன பிரஷால் தனியாக ஒரு கோட்டு கொடுக்க வேண்டும். கப்பல் பட்டறைகளிலும் பாலம் கட்டும் இடங்களிலும் இதைத் தவறாமல் செய்வார்கள். கார் வேலையில் தவறவிடுகிறார்கள்.

கதவின் அடி, ரன்னிங் போர்டு ஆகியவற்றில் உள்ளிருந்து துரு வந்தால், தண்ணீர் வடியும் துளைகள் பெயிண்டாலோ பட்டியாலோ அடைபட்டிருக்கலாம். கம்பி விட்டுத் திறந்து பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே காய்ந்த சேறு இருக்கும், அது ஈரத்தை விடவே விடாது. தண்ணீர் பீய்ச்சி அலசி எடுக்காமல் வெளியே எத்தனை கோட்டு கொடுத்தாலும் வீண்.

பரப்பின் நடுவில் புள்ளி புள்ளியாக வந்தால் உப்பு. கடலோரத் துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும், கம்பி பிரஷ் அதை எடுக்காது, மேலே மெருகேற்றிவிட்டுப் போய்விடும். ஒரு சோதனை: சுரண்டிச் சுத்தம் செய்த தகட்டின் ஒரு பகுதியை லேசாக நனைத்து, ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் ஒரே மாதிரி இளம் பழுப்பாக மாறினால் அது சாதாரணத் துரு. குறிப்பிட்ட குழிகளில் மட்டும் கரும்புள்ளிகள் ஈரமாகப் பூத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. தண்ணீர் பீய்ச்சி, பிரஷ் போட்டு, மறுபடி தண்ணீர் என்று, புள்ளி வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோரப் பகுதிகளில் பல வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் எடுத்த உப்பை நாமே திருப்பி வைத்த மாதிரி ஆகிவிடும். கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மட்கார்டுக்கு ஒரு கேன் தாராளமாகப் போதும். அலசியவுடன் காற்றடித்துக் காய வைத்து, அன்றே முதல் கோட்டு போட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி பூக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. டிங்கரிங் முடிந்து பிரைமரோடு மாதக்கணக்கில் வண்டி ஓடியிருக்கும். ரெட் ஆக்ஸைடும் சாதாரணப் பிரைமர்களும் நுண்துளைகள் உள்ளவை, மழையை உறிஞ்சும். மேலே நிறம் ஏறும் முன்பே கீழே துரு ஆரம்பித்திருக்கும்.

மேல் கோட்டு காயவே மாட்டேன் என்கிறது

இரண்டு டப்பா பெயிண்ட் (ஹார்டனர் தனி டப்பாவில் வருவது) என்றால் முதலில் ஹார்டனர் அளவைச் சந்தேகப்படுங்கள். கண் அளவில் ஊற்றியிருப்பார்கள். அளவு சரியாக இருந்தும் எபாக்ஸி பிசுபிசுப்பாகவே இருந்தால், கீழே துரு மாற்றும் திரவம் அடித்தீர்களா என்று யோசியுங்கள். பாஸ்பாரிக் அமிலம் உள்ளவை சரியாக அலசப்படாமல் இருந்தால், மிச்சமுள்ள அமிலம் எபாக்ஸி ஹார்டனரை வேலை செய்ய விடாது. அப்படிப்பட்ட பெயிண்டைச் சுரண்டி எடுப்பதைத் தவிர மருந்து கிடையாது, காத்திருந்தால் இறுகாது. திரவத்தின் டப்பாவில் அலசச் சொல்லியிருந்தால் அலசியே ஆக வேண்டும். அலசக் கூடாது என்று போட்டிருந்தால், அதன் மேல் எந்தப் பிரைமர் என்பதையும் அதே டப்பாவில் பார்த்து அதன்படியே போங்கள்.

துருத்தடுப்பு பெயிண்ட் வெயிலில் மங்கி, மாவாகிறது

எபாக்ஸியும் பெரும்பாலான ஈரத்தில் இறுகும் யூரத்தேனும் வெயிலைத் தாங்காதவை. மேல் கோட்டு இல்லாமல் விட்டால் பளபளப்பு போய், கையில் மாவு ஒட்டும். அடிப்பாகத்தில் வெயில் படாத இடத்தில் இருந்தால் கவலை வேண்டாம், மேல் கோட்டும் தேவையில்லை. வெளியில் தெரியும் இடமென்றால் மாவு முழுதும் போகும் வரை 320-இல் தேய்த்து, கழுவி, பிறகு வெயிலைத் தாங்கும் பி.யு. நிறம் கொடுங்கள்.

பி.யு. ஹார்டனரிலும் ஈரத்தில் இறுகும் யூரத்தேனிலும் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து, ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவே போதும், மூச்சு இறைக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் கொரோனா நேரத்து முகக்கவசமும் இதன் ஆவியைத் தடுக்காது. யூரத்தேனை பிரஷால் பூசுங்கள். பி.யு. ஸ்ப்ரே அடிக்கும் வேலையை, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். வேலை செய்யும் தம்பிக்கு அந்த முகமூடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை விட வேண்டும்.

சைலன்சர், எக்ஸாஸ்ட் குழாய் மேல் இவற்றில் எதையும் அடிக்காதீர்கள். அந்தச் சூட்டில் கருகி உதிரும். அதற்கென்று இருக்கும் ஹீட் ரெசிஸ்டென்ட் அலுமினியம் பெயிண்டை, கீழே எந்தப் பிரைமரும் இல்லாமல், சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பின் மேல் நேரடியாக அடியுங்கள்.